மச்சான் சொன்ன மாரிஸ் மைனர்

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய், அதில் வீட்டுக் கடன் தவணை 24,000 போய்விடும். என் மனைவியின் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் கோவையில் 1950 மாடல் மாரிஸ் மைனர் காரை 9 லட்சத்துக்கு விற்கிறார். வால்பாறை எஸ்டேட் துரை வைத்திருந்த வண்டி, எல்லாமே ஒரிஜினல், மூன்று வருடத்தில் 18 லட்சத்துக்குப் போகும், அதுவரை கல்யாணம், ஷூட்டிங் என்று வாடகைக்கு விடலாம் என்கிறார் மச்சான். மனைவியின் நகையை வைத்து 5 லட்சம், தனிநபர் கடன் 4 லட்சம் வாங்கத் திட்டம். டோக்கன் அட்வான்ஸ் 50,000 கொடுத்தாகிவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, ‘948 சிசி இன்ஜின், நன்றாக ஓடுகிறது’ என்றார். 2019-இல் மச்சான் சொல்லி வாங்கிய மனைக்கு இன்னும் அங்கீகாரம் வரவில்லை. 2022-இல் அவர் சேர்த்துவிட்ட சீட்டில் 1.8 லட்சம் போனது. அதனால் இந்த முறை கொஞ்சம் பயமாக இருக்கிறது. வண்டி அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் மெக்கானிக்கே பாதி பதிலைச் சொல்லிவிட்டார். 1950-இல் வந்த மாரிஸ் மைனரில் 948 சிசி இன்ஜின் கிடையாது.

இந்தக் கார் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோது அதில் இருந்தது 918 சிசி சைடு வால்வ் இன்ஜின். 1952-இல் ஆஸ்டின் கம்பெனியின் 803 சிசி இன்ஜின் வந்தது. 948 சிசி வந்ததே 1956-இல், மைனர் 1000 என்ற மாடலோடுதான். முன்பக்கக் கண்ணாடி நடுவில் கம்பி இல்லாமல் ஒரே துண்டாக ஆனதும் அப்போதுதான். ஆக, உங்கள் வண்டி பழைய பாடியில் பிறகு வந்த இன்ஜினை ஏற்றியதாக இருக்கலாம். அல்லது 1956-க்குப் பிந்தைய வண்டிக்கு யாரோ 1950-இன் ஆர்.சி. புத்தகத்தை ஒட்டவைத்திருக்கலாம். முதலாவது குற்றமே இல்லை. பழைய இன்ஜினுக்கு பாகம் கிடைக்காமல் பலரும் மாற்றியிருக்கிறார்கள், ஓட்டுவதற்கும் அதுதான் சுகம். ஆனால் அது ‘எல்லாமே ஒரிஜினல்’ வண்டி அல்ல, அந்த விலைக்கும் உரியது அல்ல. இரண்டாவதாக இருந்தால் போலீஸ் விவகாரம்.

எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். மைனருக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டகம், கிடையாது, பாடியே சட்டகம். சேசிஸ் எண் இருப்பது பானெட்டுக்குள், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் பொருத்திய சின்னத் தகட்டில். கழற்றி மாட்டக்கூடிய தகடு அது. எனவே தகட்டில் உள்ள எண் ஆர்.சி.யோடு பொருந்துகிறது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. தகட்டின் ரிவெட், சுற்றியுள்ள பெயின்ட் எல்லாம் வண்டியின் வயதுக்குப் பொருந்துகிறதா என்று பழைய கார் வேலை தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். அவர் விற்பவரின் ஆளாகவோ மச்சானின் ஆளாகவோ இருக்கக் கூடாது. கூலியை நீங்களே கொடுங்கள்.

அப்புறம் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. மாரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. போன்ற கார்களின் தொழிற்சாலைப் பேரேடுகள் அங்கே இருக்கின்றன. சேசிஸ் எண்ணை அனுப்பி, சில ஆயிரம் ரூபாய் கட்டணமும் கட்டினால், எந்தத் தேதியில் கட்டிய வண்டி, முதலில் பொருத்திய இன்ஜின் எண் என்ன, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று பேரேட்டில் உள்ளதைச் சான்றிதழாகத் தருவார்கள். அந்த எண் பேரேட்டில் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே காரை ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் இங்கே தயாரித்தது. அதை வெளிநாட்டு வண்டி என்று சொல்லி விற்பதும் நடக்கக்கூடியதுதான்.

எஸ்டேட் துரை கதையையும் சோதித்துவிடலாம். பழைய ஆர்.சி. புத்தகத்தில் ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகியிருக்கும். முதல் பெயர் துரையுடையதா, எந்த ஆர்.டி.ஓ. அலுவலகம், எந்த வருடம் என்று பாருங்கள். புத்தகம் தொலைந்துவிட்டது, டூப்ளிகேட்தான் இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வண்டிப் பதிவுகளுக்கான அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் வண்டி எண் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றித்தரும் வேலை விற்பவருடையது. ஆவணத்தில் கோளாறு என்றால் வண்டியே போகும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி வண்டிகளைப் பறிமுதல் செய்தது நினைவிருக்கும். பூடான் வழியாக வந்து போலி ஆவணங்களால் இங்கே பதிவானவை என்பது குற்றச்சாட்டு. சிக்கியதில் வசதியானவர்களின் வண்டிகளும் இருந்தன.

இந்தச் சந்தையில் விலை கிடைப்பது காகிதத்துக்குத்தான். 1990-இல் லண்டன் நீதிமன்றத்துக்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி பந்தயக் கார் வழக்கு வந்தது. ஒரு கோடி பவுண்டு விலை பேசியவர்கள், இது அசல் இல்லை என்று பின்வாங்கியிருந்தார்கள். பந்தயம் ஜெயித்த காலத்துப் பாகங்கள் அதில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை. ஆனாலும் வண்டியின் வரலாறு இடையில் அறுபடாமல் இருந்ததால் அதே கார்தான் என்று தீர்ப்பானது. உங்கள் மைனரிடம் அப்படி ஒரு தொடர்ச்சி இருந்தால், விற்பவர் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.

சரி, வாடகை. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு பதிவு எண் கிடைக்கும். பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் தெருவில் எடுக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதியே கிடையாது, அங்கே உங்கள் 948 சிசி குறுக்கே நிற்கும். சாதாரணப் பதிவில் வைத்துக்கொண்டாலும் சொந்த உபயோக வண்டியைப் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. மச்சானின் கணக்கிலிருந்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.

மிச்சக் கணக்கு தோராயமாக: நகைக் கடன் 5 லட்சத்துக்கு 11% என்றால் ஆண்டுக்கு 55,000, மூன்று ஆண்டில் 1.65 லட்சம் வட்டி. தனிநபர் கடன் 4 லட்சம் 14%-இல் மூன்று ஆண்டுக்கு மாதம் 13,700 ரூபாய் தவணை, வட்டி மட்டும் 92,000. ஷெட் வாடகை மாதம் 2,500 என்றால் 90,000. டயர், பேட்டரி, கார்புரேட்டர், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஆண்டுக்கு 40,000 என்று வைத்தால் 1.2 லட்சம். மொத்தம் 4.67 லட்சம். 9 லட்சத்தோடு கூட்டினால் 13.67 லட்சம், பதிவுச் செலவையும் சேர்த்து 14 லட்சம் என்று வையுங்கள். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 16% விலை ஏறினால்தான் உங்கள் கைக்காசு உங்களுக்குத் திரும்பும். அதற்குள் மாதாமாதம் தவணையும் வட்டியும் 18,300, ஏற்கெனவே 24,000. உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போகிறது.

18 லட்சத்துக்கே விற்றாலும் வரி வரலாம். சொந்த உபயோகக் காரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்று மச்சான் சொல்லுவார். 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 ஃபோர்டு டூரர் காரை 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரும் அதையேதான் சொன்னார். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்று 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

வாட்ச், ஓவியம், பழைய கார், ஒரே காரில் பத்துப் பேர் பங்கு என்றெல்லாம் இப்போது முதலீடு பேசுகிறார்கள். கையில் உபரிப் பணம் இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு அது. நகையை அடகு வைத்துச் செய்கிற காரியம் இல்லை.

உங்களுக்கு நஷ்டம் வருவது காரால் இல்லை. மனை, சீட்டு, இப்போது கார், மூன்றிலும் நீங்கள் செய்தது ஒன்றேதான்: மச்சான் சொன்னார், காகிதம் பார்ப்பதற்கு முன்னால் பணம் போனது. மனையின் அங்கீகார ஆணையை நகரமைப்பு அலுவலகத்தில் பார்த்திருக்கலாம், சீட்டு நிறுவனம் பதிவு செய்ததா என்று பதிவுத் துறையில் கேட்டிருக்கலாம். இரண்டும் ஒரு நாள் வேலை. கேட்டால் அவர் முகம் வாடும் என்று விட்டீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. அடகுக்குப் போவது அவருடைய தங்கையின் நகை. இதை அவரிடமே சொல்லலாம், உங்கள் மனைவி சொன்னால் இன்னும் நல்லது.

இந்த வாரம் விற்பவருக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதுங்கள், பேச வேண்டாம். அசல் ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள், சேசிஸ் எண் தகடு, இன்ஜின் எண் ஆகியவற்றின் படம் வேண்டும், 1950 வண்டியில் 948 சிசி எப்படி வந்தது என்ற விளக்கம் வேண்டும், பத்து நாளில் வராவிட்டால் 50,000-ஐத் திருப்பித் தர வேண்டும். எல்லாம் சரியாக வந்தால்கூடக் கடன் வாங்கி வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். டோக்கன் பணம் திரும்பாவிட்டால் 50,000-உடன் போனது என்று விட்டுவிடுங்கள். கொடுத்த பணம் வீணாகிறதே என்று மீதி எட்டரை லட்சத்தையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். தனிநபர் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தால் நாளைக்கே ரத்து செய்யுங்கள்.