பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் அப்பா கோவையில் ஒரு லேத் பட்டறையில் 34 வருடம் டர்னராக வேலை பார்த்தவர். 1991-லிருந்து 62 முறை ரத்த தானம் செய்திருக்கிறார். அடுத்த தெரு மளிகைக்கடைக்குப் போன் வரும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்னும் இரண்டு மாதத்தில் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்றைக்கு ரத்த தான முகாம் நடத்தி, நினைவு மலரும் போட வேண்டும் என்கிறார் அண்ணன். எழுதுவது என் பொறுப்பு. ‘கடின உழைப்பாளி, பாசமிகு தந்தை, தன்னலமற்ற தொண்டர்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் நகரவில்லை. எனக்குப் பத்து வயதில், தீபாவளிக்கு முதல் நாள் பட்டாசு வாங்கக் கூட்டிப்போவதாகச் சொன்னவர், போன் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். திரும்பும்போது ராத்திரி. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இதையெல்லாம் எழுதலாமா? ரத்தம் கொடுத்ததும் தரும் பிஸ்கட்டை அவர் சாப்பிடாமல் எங்களுக்குக் கொண்டுவருவார். சட்டென்று ஞாபகம் வருவது அது ஒன்றுதான்.

- வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எழுதலாமா என்று கேட்டுவிட்டு, எழுத வேண்டியதை எனக்கே எழுதி அனுப்பிவிட்டீர்கள். போகிறபோக்கில் சொன்னீர்களே ஒரு பிஸ்கட் பாக்கெட், அதுதான் மலரின் முதல் வரி. ரத்தம் கொடுத்தவருக்குத் தலை சுற்றக்கூடாது என்றுதான் அதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். மருத்துவரைக் கேட்டால் தப்பு என்பார். தப்புதான். ஆனால் ‘பாசமிகு தந்தை’ என்று எழுதினால் அது ஊரில் உள்ள எல்லா அப்பாக்களும் ஆகிவிடும்; இது உங்கள் அப்பா மட்டும்.

அந்த 62-ஐயும் வெறும் எண்ணாக விட்டுவிடாதீர்கள். ஒரு முறைக்கு 350 மில்லி என்று வைத்தாலே 21 லிட்டருக்கு மேல் வருகிறது. ஒரு ஆளின் உடம்பில் ஓடுவதே சுமார் 5 லிட்டர்தான். அப்புறம், அவர் ஆரம்பித்த காலத்தையும் இரண்டு வரி சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. 1991-ல் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல்தான் அது தடைசெய்யப்பட்டது. பட்டறை வேலையை முடித்துவிட்டு வந்து சும்மா கொடுத்துவிட்டுப் போகிற ஆளை அன்றைக்குச் சிலர் ஒரு மாதிரியாகவும் பார்த்திருப்பார்கள்.

பட்டறைக்கும் ஒருநாள் போய்வாருங்கள். ‘எங்கள் அப்பா எப்படி?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்பார்கள், நோட்டை மூடிவிட்டு வர வேண்டியதுதான். எந்த மாதிரி வேலை வந்தால் இவரிடம் கொடுப்பார்கள், எதற்குக் கோபப்படுவார், டீக்குப் போகும்போது என்ன பேசுவார் என்று கேளுங்கள். நாள் முழுக்க லேத் முன்னால் நின்ற மனிதரைப் பற்றிப் பக்கத்து லேத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

சரி, தீபாவளிக் கோபத்துக்கு வருகிறேன். எழுதுங்கள். அண்ணன் வேண்டாம் என்பார், சொந்தத்தில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பார். இருந்தாலும் எழுதுங்கள். நினைவு மலர்கள் என் கைக்கு நிறைய வருகின்றன. அவற்றில் வரும் தொண்டர்கள் எல்லாரும் வீட்டில் யாரையும் காக்கவைக்காமல் தொண்டு செய்தவர்கள் போலவே இருக்கிறார்கள். எப்படி முடியும்? அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் உங்களிடமிருந்து எடுத்த நேரம்தானே? உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, கவனித்தீர்களா? அன்று ராத்திரி அழுத உங்களைத் தூங்கவைத்தது யார்? பலகாரத்துக்குச் சட்டி வைத்துவிட்டுத் தெருவைத் தெருவைப் பார்த்தது யார்? 62 முறையும் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தவருக்கு அந்தக் கணக்கில் பங்கு உண்டு. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். திட்டுவார். அந்தத் திட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முகாம் பற்றி அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் அதை நடத்த முடியும், அதனால் பந்தல்காரரிடம் பேசும் முன் அவர்களிடம் பேச வேண்டும். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் என்றால் 5 நாள். ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட, தேர்வு, விடுமுறை என்று கல்லூரி மாணவர்கள் ரத்தம் கொடுக்க வராத ஏப்ரல், மே மாதத்தில் முப்பது பேர் கொடுப்பது ரத்த வங்கிக்கு உதவியாக இருக்கலாம். நினைவு நாளன்று படையல் போடுங்கள், முகாமை அவர்கள் கேட்கும் தேதியில் வையுங்கள். ஃப்ளெக்ஸில் தேதி பொருந்தவில்லையே என்று அண்ணன் வருத்தப்பட்டால், போன் வந்தபோது உங்கள் அப்பா எந்தத் தேதியைப் பார்த்தார் என்று கேளுங்கள்.

மலர் அச்சானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அது என்ன பிஸ்கட், அண்ணனும் நீங்களும் எப்படிப் பங்கு போட்டீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.