பின்னால் வந்து இடித்தால் தப்பு யார் மீது?

சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த கார் லேசாக இடித்துவிட்டது. பம்பர் நசுங்கியதற்கு யார் பொறுப்பு? பெரும்பாலும் பின்னால் வந்தவர்தான்.

சட்டம் பார்ப்பது யாருடைய 'கவனக்குறைவு' என்பதைத்தான். 'கவனக்குறைவு' என்றால், அந்த இடத்தில் நிதானமான ஓட்டுநர் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விடுவது. முன்வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்பது நம் சாலை விதி. காரணம் எளிது. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. இடைவெளி பின்னால் வருபவர் கையில்தான் இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் குனிந்தால், ஒட்டி நிற்பவர்தானே முட்டிக்கொள்வார்?

ஆனால் இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2017-இல் கோயம்புத்தூரில் ஒரு கார் நெடுஞ்சாலையில் சைகை காட்டாமல் சட்டென பிரேக் போட்டது. பின்னால் வந்த பைக் மோதி விழுந்தது, இளைஞர் மீது பேருந்து ஏறியது. 2025-இல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டுநருக்கு 50, பேருந்துக்கு 30, பைக் ஓட்டியவருக்கு 20 சதவீதம் எனப் பொறுப்பைப் பிரித்தது. காயம் பெரிதோ சிறிதோ, கணக்கு இதே முறைதான். அதனால் வாய்ச்சண்டைக்கு முன் வண்டிகளை நகர்த்தாமல் நாலு போட்டோ எடுங்கள். டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் பொருத்தும் கேமரா) இருந்தால் பாதி வாதம் குறையும்.

'தப்பு நம்முடையது என்றால் நம் காருக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது' என்று பலர் நினைக்கிறார்கள். நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீடு இருந்தால் பொதுவாகக் கிடைக்கும், அடுத்த ஆண்டின் நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகும்.