தண்ணீர் பாட்டிலும் பச்சைக்குழந்தையின் மூச்சும்

வேலூர்ப் பக்கத்து சின்ன ஆஸ்பத்திரிகளில் கருவி பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. குறைந்த செலவில் மூச்சுக் கருவி செய்வது, வைத்து ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

குடியாத்தம், நர்ஸ்: சார், குறைமாதக் குழந்தைக்கு பபிள் சீபேப் போட்டால் நடுவில் குமிழி நின்றுவிடுகிறது. மிஷின் கோளாறா?

சிஸ்டர், அதில் மிஷின் என்று என்ன இருக்கிறது? பபிள் சீபேப் என்பது மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்து, வெளிமூச்சைத் தண்ணீர் பாட்டிலில் குமிழியாக விடும் ஏற்பாடு, அவ்வளவுதான். வெளிமூச்சுக் குழாய் பாட்டில் தண்ணீரில் 5 செ.மீ. மூழ்கியிருந்தால், குழந்தைக்குப் போகும் அழுத்தமும் ஏறக்குறைய அதே 5 செ.மீ. நீரழுத்தம். நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. குமிழி நின்றால் காற்று வேறெங்கோ கசிகிறது. முதலில் மூக்குக் குழலைப் பாருங்கள். சின்ன சைஸாக இருக்கும், அல்லது விலகியிருக்கும். அடுத்து குழந்தையின் வாய், அப்புறம் ஈரப்பதம் தரும் ஜாடியின் மூடி. குமிழி வருகிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். குழாய் தொங்கி வளைந்த இடத்தில் நீர் தேங்கினாலும் குமிழி வரும். அழுத்தம் மட்டும் ஏறியிருக்கும். அந்த நீரைக் குழந்தை பக்கம் போகாமல் அடிக்கடி வடியுங்கள்.

அதே சிஸ்டர்: நேராக சிலிண்டர் ஆக்சிஜனையே விடலாமா?

கூடாது. தேவைக்கு மேல் ஆக்சிஜன் போனால் குறைமாதக் குழந்தையின் விழித்திரை கெடும். ஆக்சிஜனையும் காற்றையும் கலக்கும் பிளெண்டர் விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கான்சன்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின்) தரும் 93 சதவீத ஆக்சிஜன் நிமிடத்துக்கு 1 லிட்டரோடு, கம்ப்ரசர் காற்று 4 லிட்டர் சேர்த்தால் கிடைப்பது சுமார் 35 சதவீதம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டர் இரண்டு போதும். எவ்வளவு வேண்டும் என்பதை ஆக்சிமீட்டரைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

காட்பாடி, இன்ஜினியரிங் மாணவர்: அண்ணா, அம்பு பையை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) மோட்டார் வைத்து அழுத்தும் வென்டிலேட்டர் புராஜெக்ட் செய்கிறோம். ஆஸ்பத்திரியில் வாங்குவார்களா?

தம்பி, 2020 கொரோனா சமயத்தில் உலகம் முழுக்க இதைத்தான் செய்தார்கள். நிமிடத்துக்கு 20 தடவை என்றால் ஒரு நாளில் 28,800 அழுத்தல். கையால் கொஞ்ச நேரம் அழுத்துவதற்கான பை அது. அதைவிட, குழாய் கழன்றால் கத்தும் அலாரம் இருக்கிறதா? வெளியே வரும் மூச்சை அளக்கிறதா? மோட்டாரை விட்டுவிட்டு அலாரத்தைச் செய்யுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

ராணிப்பேட்டை, லேத் பட்டறைக்காரர்: குழாய் இணைப்பான் கடைந்து தரலாமா?

தரலாம். மூச்சுக் குழாய்களுக்கு 15, 22 மி.மீ. என்று சரிவான இணைப்பு அளவுகள் உண்டு. கண் அளவில் கடைந்தால் கசியும். ஆக்சிஜன் போகும் பாகத்தில் கட்டிங் ஆயில், கிரீஸ் துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது, தீப்பிடிக்கும். இதை உங்கள் பையன்களிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். விற்பதாக இருந்தால் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமமும் வேண்டும்.

ஆம்பூர், சிறு மருத்துவமனை நிர்வாகி: சிலிண்டரா, கான்சன்ட்ரேட்டரா?

இரண்டும். 7 கன மீட்டர் பெரிய சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். கான்சன்ட்ரேட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும், ஆனால் பெரும்பாலானவை 40 டிகிரி வரைக்குத்தான். நம்ம ஊர் கத்திரி வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஸ்டெபிலைசர் போடுங்கள். போன வருடம் ஓரிடத்தில் மிஷின் போச்சு என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தூசி வடிகட்டியில் கம்பளி மாதிரி அழுக்கு. சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போட்டேன், ஓடியது. பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டேன்.