மலை அவருக்கு, அடுப்படி எனக்கா?

கேள்வி: மகளும் மருமகனும் இங்கிலாந்தில், பர்மிங்காமில் இருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் நாங்கள் அங்கே போகிறோம். ‘லேக் டிஸ்ட்ரிக்ட்’ மலைப்பகுதியில், பாரோடேல் பள்ளத்தாக்கில் ஒரு காட்டேஜை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். நாமே சமைத்துக்கொள்ள வேண்டிய வீடு. சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், ஆக ஆறு பேர். என் கணவருக்கு வயது 66. ஸ்காஃபெல் பைக் சிகரத்தில் ஏறியே தீருவேன் என்று தினமும் மொட்டை மாடியைச் சுற்றி வருகிறார். எனக்கோ மூட்டு வலி. எல்லோரும் மலைக்குப் போக, நான் சாம்பார் வைத்துக் காத்திருக்க வேண்டுமா? வரவில்லை என்று சொல்லிவிடலாமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: சகோதரி, கட்டாயம் போய் வாருங்கள். ஆனால், கிளம்பும் முன் ஒரு போன் பேச வேண்டும். மகளுக்கு அல்ல, சம்பந்தி அம்மாளுக்கு.

யோசித்துப் பாருங்கள். அவர் கரண்டியைப் பிடித்தால் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பிடித்தால் அவருக்கு உட்கார மனம் வராது. “நீங்க இருங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று மாற்றி மாற்றி உபசரித்தே இரண்டு பேரும் ஏழு நாளையும் அடுப்படியில் கழித்துவிடுவீர்கள். அவரும் இந்நேரம் இதே கவலையில்தான் இருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். இரண்டு பேரும் முதலில் பேசி ஒன்றாகிவிடுங்கள். பிறகு மகளிடம், “காலையில் ரொட்டி, மதியத்துக்குக் கட்டுச்சோறு, இரவுச் சமையல் முறை வைத்து, ஆண்களுக்கும் முறை உண்டு” என்று சொல்லிவிடுங்கள். இரண்டு அம்மாக்கள் சேர்ந்து சொன்னால் மருமகன் மறுத்துப் பேச மாட்டார்.

இனி மூட்டு வலி. அந்த ஊரில் மலை ஏறாதவர்களுக்குத்தான் வசதி அதிகம் என்பேன். பாரோடேலை ஒட்டியே டெர்வென்ட்வாட்டர் ஏரி இருக்கிறது. கெஸ்விக் ஊரிலிருந்து கிளம்பும் படகு, ஏரியைச் சுற்றிப் பல துறைகளில் நின்று போகும். ஒரு துறையில் இறங்கி, கரையோரமாக முடிந்த மட்டும் நடந்து, அடுத்த துறையில் ஏறிக்கொள்ளலாம். கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்டு வரை பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். சுமார் 5 கி.மீ., ஏற்றம் மிகக் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளம் அதன் பாலங்களை அடித்துக்கொண்டு போக, 2020-இல்தான் மறுபடி திறந்தார்கள். வலித்தால் பாதியில் திரும்பிவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. கைத்தடி ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். மூட்டை வாட்டுவது ஏற்றத்தைவிட இறக்கம்தான்.

மழைக்குப் பயந்து பயனில்லை. பாரோடேலின் கோடியில் உள்ள சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3,500 மி.மீ. வாக்கில் பெய்கிறது, சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். குடை அங்கே காற்றில் பிய்ந்துவிடும். தலையோடு மூடும் மழைக்கோட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்படி ஒரு காட்டேஜில் நான் முதல் நாளே மிளகாய் வற்றலைத் தாளித்தேன். கூரையிலிருந்த ஸ்மோக் அலாரம் அலறிய அலறலில் பக்கத்துப் புல்வெளி ஆடுகள் ஓடியே போயின. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தாளியுங்கள். எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் செப்டிக் டேங்க்தான்.

இப்போது உங்கள் வீட்டு வீரருக்கு. ஸ்காஃபெல் பைக் இங்கிலாந்திலேயே உயரமானது என்றாலும் 978 மீட்டர்தான். “நாம் பார்க்காத மலையா? கொடைக்கானலே 2,100 மீட்டர்” என்பார். கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போனோம் என்று நினைவுபடுத்துங்கள். இங்கே சீத்வெய்ட்டிலிருந்து 850 மீட்டருக்கு மேல் காலால் ஏற வேண்டும், உச்சியருகே வெறும் பாறைக் குவியல். போக வர 14 கி.மீ. வாக்கில் வரும். 5 கி.மீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். அது நிற்காமல் நடக்கும் திடகாத்திரருக்கு. உங்கள் கணவருக்கு எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதக் கடைசியில் மாலை ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஆகவே காலை ஒன்பதுக்குள் கிளம்பியாக வேண்டும். மொட்டை மாடி சமதளம், அது பயிற்சியாகாது; இன்றிலிருந்தே மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அங்கே போனதும் முதலில் 451 மீட்டர் ‘கேட்பெல்ஸ்’ குன்றில் ஏறிப் பார்க்கட்டும். அதிலேயே மூச்சு வாங்கினால், பெரியதைப் பற்றி மருமகனே பக்குவமாகப் பேசிக்கொள்வார்.

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து, முதலில் போலீசையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், மீட்டதற்குக் கட்டணமும் கேட்பதில்லை.

அவர் சிகரம் ஏறித் திரும்பும் அன்று மட்டும், முறை யாருடையதாக இருந்தாலும், நீங்களே ஒரு மிளகு ரசம் வைத்துக் கொடுங்கள். மறுநாள் அவரால் மாடிப்படி இறங்கவே முடியாது. அன்றைக்குச் சம்பந்தி அம்மாளோடு அவரையும் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள்.