விவாகரத்துக் காகிதத்தை எங்கே தேடுவது?

குமரி மாவட்டத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால், அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை.

மேடம், என் மகளுக்குத் தக்கலைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். அவருக்கு முதல் கல்யாணம் விவாகரத்து ஆகிவிட்டதாம். "எல்லாம் கோர்ட்டில் முடிஞ்சாச்சு" என்கிறார் தரகர். காகிதத்தைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வீட்டில் தயங்குகிறார்கள். பிறப்பு, இறப்பு மாதிரி இதையும் ஒரு ஆபீஸில் பதிந்திருப்பார்கள்தானே, நானே போய்ப் பார்த்துவிட முடியாதா?
— ஒரு தகப்பன், திங்கள்நகர்

தயங்காமல் கேளுங்கள் அண்ணாச்சி. காகிதம் கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடம் என்றால் அது இப்போதே தெரிவது நல்லது.

விவாகரத்துக்கென்று எந்த ஆபீஸிலும் பதிவேடு கிடையாது. கல்யாணத்தைப் பதிய சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தாரும் பதிந்தாக வேண்டும், ஆனால் அந்தக் கல்யாணம் முறிந்த விவரம் அங்கே தானாகப் போய் ஏறுவதில்லை. நகராட்சியிலும் இல்லை, ஊராட்சியிலும் இல்லை. "விவாகரத்துச் சர்டிபிகேட் எடுத்துத் தாறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விவாகரத்து கொடுத்த கோர்ட்டின் தீர்ப்பும், அந்த முடிவைச் சுருக்கமாகச் சொல்லும் டிகிரி என்ற ஆணையும்தான் ஆதாரம். அதன் சான்றிட்ட நகலை மாப்பிள்ளை வீட்டாரிடமே கேளுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம்.

நகல் கைக்கு வந்ததும் அவசரப்படாமல் படியுங்கள். மேலே கோர்ட்டின் பெயர், தேதி, வழக்கு எண். இந்துக்கள் என்றால் ஹெச்.எம்.ஓ.பி. என்றும், கிறிஸ்தவர்கள் என்றால் ஐ.டி.ஓ.பி. என்றும் போட்டு எண்ணும் வருடமும் இருக்கும். அப்புறம் நேராகக் கடைசிப் பத்திக்குப் போங்கள். இன்ன தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். ஜீவனாம்ச உத்தரவையோ, சேர்ந்து வாழாமல் தனியாக இருக்க மட்டும் அனுமதிக்கிற நீதிமன்றப் பிரிவினை உத்தரவையோ, ஏன், தள்ளுபடியான மனுவின் நகலையோகூட விவாகரத்து என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் மற்றதைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். சான்றிட்ட நகல் என்றால் அதிலேயே ஒரு முத்திரைக் கட்டத்தில் நகலுக்கு மனு போட்ட நாள், நகல் தயாரான நாள், கையில் கொடுத்த நாள் எல்லாம் பேனாவால் நிரப்பியிருக்கும். அந்தக் கட்டத்தையும் பாருங்கள்.

அந்த எண்ணை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம் என்று தேர்ந்தெடுத்து வழக்கு எண்ணையும் வருடத்தையும் போட்டால், உத்தரவின் வாசகம் திறக்காவிட்டாலும், வழக்கு முடிந்ததா, என்றைக்கு, எப்படி முடிந்தது என்று தெரியும். எண் கிடைக்கவில்லை என்றால் பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரே ஆளின் பெயரை ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவது நம் வழக்கம். நாகர்கோவிலில் இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள், பத்மநாபபுரம், குழித்துறை கோர்ட்டுகளையும் பாருங்கள். பெண் எடுத்தது பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் என்றால் வழக்கு கேரளத்தில் நடந்திருக்கலாம், அப்போது மாநிலத்தையே மாற்றித் தேட வேண்டும். ரொம்பப் பழைய வழக்குகள் இணையத்தில் ஏறியிருக்காது, அதனால் அங்கே இல்லாததை வைத்து மட்டும் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி நீங்களே நேரில் போய் வழக்குக் கட்டைப் புரட்ட முடியுமா என்றால், முடியாது. இந்து திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவு இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது, விவரங்களை அச்சிட்டுப் பரப்புவதையும் தடுக்கிறது. வழக்கில் இல்லாத ஒருவர் நகல் கேட்டால் காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு பேர் தங்கள் வீட்டுக்குள் நடந்ததை நீதிபதி முன்னால் சொன்னதெல்லாம் அந்தக் கட்டில் இருக்கிறது, அதை ஊர் படிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கடைசியாக இன்னொன்று. டிகிரி வந்த மறுநாளே மறுமணம் செய்ய முடியாது. மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்திருக்க வேண்டும், மேல்முறையீடு போட்டிருந்தால் அது தள்ளுபடியாகியிருக்க வேண்டும். மேல்முறையீடு, தீர்ப்பு கொடுத்த கோர்ட்டைப் பொறுத்து, நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ போகும், அங்கே ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று ஒரு வக்கீலை வைத்துப் பார்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வராமல் எக்ஸ்பார்ட்டியாக முடிந்த வழக்கு என்றால் கூடுதல் கவனம் வேண்டும், எனக்கு நோட்டீஸே வரவில்லை என்று முதல் மனைவி வந்து அதை ரத்து செய்யக் கேட்கலாம். முதல் கல்யாணம் உயிரோடு இருக்கும்போது நடக்கும் இரண்டாம் கல்யாணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவின்படி அதற்கு 7 வருடம் வரை தண்டனை, முதல் கல்யாணத்தை மறைத்துச் செய்தால் 10 வருடம் வரை. தண்டனை அவருக்குத்தான், ஆனால் மனைவி என்ற உரிமை இல்லாமல் நிற்பது உங்கள் மகள்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நோட்டரியும் சீல் வைத்தார். பாட்டி காலத்தில் ஒழிமுறி என்ற பிரிவுப் பத்திரம் எழுதினால் போதும் என்பார்களே, இது செல்லுமா?
— வாசகர், பூதப்பாண்டி

செல்லாது தம்பி. உங்கள் சமூகத்தில் அப்படிப் பிரிகிற வழக்கம் இடைவிடாமல் இருந்து வருகிறது என்று நிரூபித்தால், இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதை ஏற்கிறது. ஆனால் அந்த நிரூபணமும் கோர்ட்டில்தான் நடக்க வேண்டும், லேசான வேலையும் அல்ல. நோட்டரி சீல் கையெழுத்து உங்களுடையது என்று காட்டும், கல்யாணத்தைக் கலைக்காது. காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம், எப்போதிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள் என்று சொல்ல அது பயன்படும். இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொண்டுதானே எழுதினீர்கள், அதே மனசோடு பரஸ்பர சம்மத மனு போட்டுவிடுங்கள்.

அக்கா, எனக்கு 1998-ல் நாகர்கோவில் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது. நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கப் போனால் டிகிரி கேட்கிறார்கள். வீடு மாறியதில் காகிதம் தொலைந்துவிட்டது, வக்கீலும் காலமாகிவிட்டார், நம்பரும் நினைவில்லை.
— வாசகி, மார்த்தாண்டம்

பயப்படாதீர்கள், தங்கச்சி. தீர்ப்பையும் டிகிரியையும் கோர்ட் பத்திரமாக வைத்திருக்கும், மற்ற காகிதங்களைத்தான் காலக்கெடு முடிந்ததும் அழிப்பார்கள். கிறிஸ்தவர்களின் விவாகரத்து மனு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், அதனால் தேட வேண்டிய முதல் இடம் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றம். உங்கள் பெயர், அன்றைய கணவர் பெயர், மனு போட்ட வருடம், தீர்ப்பு வந்த மாதம் ஏறக்குறைய தெரிந்தாலும் போதும், அந்த வருடத்து மனுப் பதிவேட்டில் எண்ணைக் கண்டுபிடித்து நகல் மனு போடலாம். வக்கீல் இறந்துவிட்டாலும் அவருடைய ஜூனியரோ குமாஸ்தாவோ இருப்பார், கட்டு அவரிடம் இருக்க வாய்ப்புண்டு. பழைய எண்ணைத் தேடிப் பிடிப்பதில் அனுபவமுள்ள ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு இணை கிடையாது.

உங்கள் வருடத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. 2001-ல் சட்டம் திருத்தப்படும் வரை, கிறிஸ்தவர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது முழுமையாகும். மூன்று நீதிபதிகள் அமர்வு, அதுவும் குறைந்தது ஆறு மாதம் கழித்து. இன்றைக்கு யோசித்தால் அநியாயமான சுற்று, மற்ற மதத்தாருக்கு இல்லாத அலைச்சல். மதுரைக் கிளை 2004-ல்தான் வந்தது, ஆகவே உங்கள் கட்டு சென்னைக்குப் போய் உறுதியாகி வந்திருக்க வேண்டும். நாகர்கோவில் நகலோடு நிற்காமல் அந்த உறுதி உத்தரவையும் கேட்டு வாங்குங்கள். மாவட்ட நீதிமன்றப் பதிவேட்டில் அதன் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அந்த எண்ணை வைத்துச் சென்னையில் நகல் எடுக்கலாம்.

கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவள் நான். என் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் எழுதிக் கொடுத்துவிட்டது. இதற்கு மேலும் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?
— வாசகி, குளச்சல்

போக வேண்டும். திருச்சபை கொடுத்தது திருச்சபைக்குள் செல்லும், அரசாங்கக் கணக்கில் நீங்கள் இன்னும் கல்யாணமானவர்தான். உச்ச நீதிமன்றம் இதை 1996-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட்டில் விவாகரத்து வாங்கியவர் மறுபடி கோவிலில் கல்யாணம் வைக்கப் போனால் பங்குத்தந்தை திருச்சபையின் காகிதத்தைக் கேட்பார் என்பதும் நீங்கள் அறிந்ததே, ஆக உங்களுக்கு இரண்டுமே தேவை. இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவில் சேர்ந்து மனு போடலாம். அதற்கு இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு வருடம் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் சொன்னதை எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவினர்கள் சொல்லியிருப்பார்கள், நம் பக்கம் இரண்டு வருடக் கணக்கை வைத்தே மனு தயார் செய்வது பத்திரம்.

நான் குழித்துறை, அவர் ஊர் பாறசாலை, கல்யாணம் நடந்தது மார்த்தாண்டத்தில். இந்து முறை. அவர் இப்போது சவூதியில். பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பேருக்கும் முடித்துக்கொள்ளச் சம்மதம். நான் கேரளத்துக்கு அலைய வேண்டுமா? என் நகை இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.
— வாசகி, குழித்துறை

கேரளத்துக்கு அலைய வேண்டியதில்லை, மக்ளே. கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், அப்புறம் மனைவி மனு போடும்போது அவள் குடியிருக்கும் இடம், இதில் எந்த ஊர்க் கோர்ட்டிலும் மனு போடலாம். உங்களுக்கு இரண்டு காரணம் இந்தப் பக்கமே இருக்கிறது. மாவட்டத்துக்குள் எந்தக் கோர்ட் என்பதை எல்லை பார்த்து வக்கீல் சொல்வார்.

சம்மத மனுவுக்கு ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டு மனு தாக்கல் செய்வீர்கள், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் வைக்க வேண்டும். மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து, மனம் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். பிரிந்தே ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது, சமரசம் பலிக்கவில்லை, ஜீவனாம்சம், பிள்ளைகள் எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால் அந்த ஆறு மாதக் காத்திருப்பிலிருந்து விலக்குத் தரக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கு அதற்குப் பொருந்துகிறது, தனி மனுவாகக் கேளுங்கள்.

அவருக்காக வீட்டில் யாராவது பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கி நடத்துவதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதற்குச் சான்று பெற்று அனுப்பலாம், அது இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அவரை வீடியோவில் விசாரிக்கவும் அனுமதி கேட்கலாம்.

இனி நகை. இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், "பிறகு தாறோம்" என்ற வாய்ப்பேச்சில் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை பவுன், என்னென்ன உருப்படி, சீராகக் கொண்டுபோன பீரோ, பாத்திரம், பைக் வரைக்கும், யார் எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைப்பது என்று மனுவிலேயே எழுத வையுங்கள். கல்யாண ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கழுத்திலும் கையிலும் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுங்கள், நகைக்கடை பில் இருந்தால் சேர்த்து வையுங்கள். சம்மதத்தை டிகிரி வரும் வரை யார் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதனால் மற்ற வழக்குகள் ஏதும் போட்டிருந்தால் அவற்றை முன்கூட்டியே வாபஸ் வாங்கிவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள், இரண்டாவது முறை ஆஜராகும் நாளுக்குள் பொருள் கைக்கு வருவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனம் மாறி நெய்யாற்றின்கரையில் தனியாக வழக்குப் போட்டால், அதை இந்தப் பக்கம் மாற்றக் கேட்க வேண்டியது உச்ச நீதிமன்றத்தில், வேறு மாநிலம் என்பதால். தமிழ்நாட்டுக்குள் என்றால் மதுரைக் கிளையே மாற்றித் தந்துவிடும். அந்தச் சுற்றுக்கு இடம் கொடுக்காமல் சம்மதம் இருக்கும்போதே மனுவைப் போடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதாரோடும் கல்யாணப் பத்திரிகையோடும் நேரில் போய் மனு எழுதிக் கொடுங்கள், வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். போக முடியாத நாளில் 15100 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.