திருஷ்டிப் பூசணி கட்டிய கைகளுக்கு ஹாலோவீன் புதிதா?

கேள்வி: அக்டோபர் பிறந்தாலே ஹாலோவீனுக்காக எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் எலும்புக்கூடு, ராட்சதச் சிலந்தி என்று களைகட்டிவிடுகிறது. நம் வீடு மட்டும் வெறிச்சென்று இருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு வருத்தம். கடையில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, “கொலு வைத்த வீட்டில் பேய் பொம்மையா?” என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: முதலில் உங்கள் மாமியாரிடம் பேசிவிடுவோம். புது வீடு கட்டும்போது முழி பிதுங்க, கோரைப்பல் தெரிய முகம் வரைந்து பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே எண்ணம்தான் இங்கேயும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து இருட்டுக் காலம் தொடங்கும் அக்டோபர் 31 இரவில் ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். அவற்றை அண்டவிடாமல் இருக்க டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மக்களுக்கு இங்கே பெரிய பூசணி தாராளமாகக் கிடைத்தது. குடைவதற்கும் அதுதான் சுலபம். இதைச் சொல்லிப் பாருங்கள், அத்தை சமாதானமாகிவிடுவார். 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31-ல்தான் வந்தது. எங்கள் வாசல் கோலத்துக்கு ஒரு பக்கம் அகல்விளக்கு, மறுபக்கம் பூசணி விளக்கு. இரண்டும் அழகாகத்தான் இருந்தன.

அடுத்து, அத்தையையே தலைமை தாங்கச் சொல்லுங்கள். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடத் தெரிந்தவருக்குப் பேய் செய்வது ஐந்து நிமிட வேலை. நைந்துபோன மல் வேட்டி ஒன்று போதும். கனமான துணி நிற்காது, சரிந்துவிடும். இரண்டரை அடிச் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் வாயில் ஊதிய பலூனை டேப்பால் ஒட்டி, இரு பக்கமும் பழைய ஹேங்கர் கம்பியை வளைத்துக் கையாகக் கட்டுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டால் பிறகு துணி ஒட்டாமல் வரும். மூன்று கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கால் கப் சோள மாவை (கார்ன் ஸ்டார்ச்)ப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால் கண்ணாடி போலக் கஞ்சி வரும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் துணியை முக்கி, லேசாகப் பிழிந்து, பலூன் மேல் போர்த்துங்கள். கீழே விழும் மடிப்புகளைப் பிள்ளைகள் விரலால் இழுத்து இழுத்து விடட்டும், பேய்க்கு உயிர் வருவது அங்கேதான்! ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் காயவிட்டு, பலூனை ஊசியால் குத்தி, பாட்டிலை உருவுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் துணி தானாக நிற்கும். கறுப்புக் காகிதத்தில் இரண்டு கண் ஒட்டினால் முடிந்தது. மழை பட்டால் கஞ்சி இளகிவிடும், போர்ட்டிகோ கூரைக்குக் கீழேயே வையுங்கள்.

வாராவாரம் தூக்கிப் போடும் ஒரு கேலன் பால் கேன்களையும் சேர்த்து வையுங்கள். கறுப்பு மார்க்கரால் கண், வாய் வரைந்து, பின்பக்கம் துளையிட்டு, தீபாவளி சீரியல் பல்பை உள்ளே விட்டால் நடைபாதை ஓரம் முழுக்கக் குட்டிப் பேய்கள். காற்றில் உருளாமல் இருக்க அடியில் ஒரு பிடி கூழாங்கல். மெழுகுவத்தி மட்டும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். செடிகள்மேல் பஞ்சு மாதிரி இழுத்துவிடும் சிலந்தி வலையை, மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சிறு பறவைகளும் தேனீக்களும் அதில் சிக்கிக்கொண்டு தவிக்கின்றன. கறுப்புக் குப்பைப் பையை மடித்து வலை மாதிரி வெட்டி ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். காசும் மிச்சம்.

கேள்வி: போன வருடம் செதுக்கிய பூசணி நான்கே நாளில் பூஞ்சை பிடித்துவிட்டது. மிஞ்சியதைச் சமைக்கலாமா?
- ஒரு வாசகர், டல்லாஸ்

பதில்: டல்லாஸ் சூட்டில் அது அவ்வளவுதான் தாங்கும். அக்டோபர் 29 அல்லது 30-ல் செதுக்குங்கள். உள்ளே நார் துளிகூட இல்லாமல் கரண்டியால் சுரண்டிவிட்டு, வெட்டிய விளிம்பில் வாஸ்லின் தடவுங்கள். மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் மூடி உள்ளே விழாது. அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள் என்றால் முழுப் பூசணியில் பெயின்ட் அடிக்கக் கொடுங்கள். வெட்டாத காய் வாரக்கணக்கில் நிற்கும்.

வெளியே வைத்த பூசணியைச் சமைக்க வேண்டாம். செதுக்கும் ரகத்தில் நீர்தான் அதிகம், ருசியும் கிடையாது. கூட்டுக்கு, ‘பம்ப்கின் பை’ என்ற இனிப்பு செய்ய விற்கும் சின்னப் பூசணியைத் தனியாக வாங்குங்கள். செதுக்கும் அன்றே எடுத்த விதைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வறுங்கள், இடையில் ஒருமுறை கிளறிவிட்டு.