மறு: "பிரச்சினை–தீர்வு அமைப்பு" என்று எழுதியும் பாதி மதிப்பெண்தான், ஏன்?

கட்டுரையின் அமைப்பைப் பற்றிய கேள்விக்கு "பிரச்சினை–தீர்வு அமைப்பு" (ஒரு சிக்கலையும் அதன் தீர்வையும் சொல்வது) என்று நீங்கள் எழுதியது தவறில்லை, பாதியில் நின்றுவிட்டது. அமைப்பின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். கேள்வியோ, அந்த அமைப்பு ஆசிரியரின் நோக்கத்துக்கு எப்படி உதவுகிறது என்று கேட்கிறது.

நீங்கள் போட்டிருக்கும் ஓசோன் கட்டுரையையே பாருங்கள். ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது என்றுதான் ஆசிரியர் ஆரம்பிக்கிறார். அப்புறம்தான் 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே துளை இருப்பது தெரியவந்தது, அதற்குக் குளோரோஃபுளோரோகார்பன்கள் (குளிர்பதனப் பெட்டி போன்றவற்றில் பயன்பட்ட வேதிப்பொருள்கள்) காரணம், 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று பின்னோக்கிப் போகிறார். இதையே 1985இல் தொடங்கி வரிசையாகச் சொல்லியிருந்தால் வெறும் வரலாறாகப் போயிருக்கும். நல்ல முடிவை முன்னால் வைத்ததால், "சரி, இது எப்படி நடந்தது?" என்ற ஆர்வத்தோடு மீதியைப் படிக்கிறோம். கடைசிப் பத்தியில் பருவநிலை மாற்றத்துக்குத் தாவுகிறார் பாருங்கள், அங்கேதான் அவர் நோக்கம் வெளியே வருகிறது: நாடுகள் சேர்ந்தால் இதுவும் முடியும் என்று நம்ப வைப்பது.

எனக்குக் கைகொடுக்கும் வழி, பத்திகளை மனசுக்குள் இடம் மாற்றிப் பார்ப்பது. மாற்றினால் எது கெட்டுப்போகிறதோ, அதுதான் விடை. ("ஆகவே", "எனினும்" எங்கே வருகிறது என்று கோடு போடுவதெல்லாம் எனக்குப் பெரிதாக உதவியதில்லை.)

உங்கள் வரியை இப்படி நீட்டலாம்: "வெற்றியை முதலில் காட்டி, அது சாத்தியமான விதத்தைப் பின்னர் விளக்குவதால், கூட்டு முயற்சி பலன் தரும் என்ற நம்பிக்கையை ஆசிரியர் வாசகரிடம் வளர்க்கிறார்."